நாற்பது மாணவர்கள், ஒரே ஒரு பொம்மை: பள்ளியில் உயிர்காப்புப் பயிற்சி நடத்துவது எப்படி?

கேள்வி இது: 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்கள் 40 பேர். 45 நிமிடப் பாடவேளைகள் நான்கு. பயிற்சிப் பொம்மை ஒன்றுதான். அடிப்படை உயிர்காப்பையும் முதலுதவியையும் எங்கே தொடங்கி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

முதல் வேலை, பாடத்திட்டத்தைப் பாதியாக வெட்டுவது. முதலுதவிக் கையேடுகள் பலவும் முக்கோணக் கட்டில் தொடங்கி எலும்பு முறிவின் வகைகள், தீக்காயத்தின் படிநிலைகள் என்று போகும். நெஞ்சழுத்தம் எங்கோ கடைசியில் அரைப் பக்கத்துக்கு வரும். வகுப்பில் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆளைக் கொன்றுவிடக்கூடியவை சிலதான்: இதயம் நின்றுபோவது, மூச்சு நிற்பது, தொண்டை அடைப்பது, ரத்தம் பீறிட்டு ஓடுவது. உடைந்த கை காத்திருக்கும். நின்ற இதயம் காத்திருக்காது. யாரும் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே நான்கில் இரண்டு பாடவேளை முழுக்க சி.பி.ஆருக்கும் (நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுத்து உயிர்மீட்பது) ஏ.இ.டி. கருவிக்கும் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி), மூன்றாவது தொண்டை அடைப்பு, ரத்தப்போக்கு, பக்கவாட்டில் படுக்கவைத்தல் ஆகியவற்றுக்கு, மற்றதெல்லாம் நான்காவதில். முக்கோணக் கட்டுக்கு இடமில்லாமல் போனால் போகட்டும்.

இந்த வயதில் முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். 13 வயதை ஒட்டிய பிள்ளைகள் பெரும்பாலும் பெரியவர்களைப் போலவே போதிய ஆழத்துக்கு அழுத்துகிறார்கள். வயதைவிட உடல் எடைதான் கணக்கு. 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். 12 வயதிலிருந்து ஆண்டுக்கு 2 மணி நேரம் சி.பி.ஆர். பயிற்சி தரலாம் என்ற பரிந்துரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒப்புதல் அளித்தது. நார்வே 1961லேயே இதைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்துவிட்டது. அழுத்த வலு இல்லாத மாணவரோ உடல் குறைபாடு உள்ளவரோ இருந்தால் ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள். தொலைபேசியில் பேசுவது, எண்ணிக்கை சொல்வது, அழுத்துபவரின் தவறைப் பார்த்துத் திருத்துவது ஆகியவையும் உயிர்காக்கும் வேலைகள்தான்.

அழுத்தத்துக்கு முன்னால், அடையாளம் காண்பது. நடைமுறையில் அதிகம் சறுக்குமிடம் இதுதான். விழுந்தவரின் தோளை இருபுறமும் தட்டி, உரக்கக் கூப்பிட வேண்டும். அசைவில்லையென்றால் மார்பையும் வயிற்றையும் பார்த்து மூச்சு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இதற்கு 10 விநாடிக்கு மேல் எடுக்கக்கூடாது. நாடித்துடிப்பு பார்க்கக் கற்றுத்தராதீர்கள். பழகாத கைக்குத் தன் விரலின் துடிப்பே நோயாளியின் துடிப்பாகத் தெரியும், நேரமும் போகும். "சுயநினைவில்லை, இயல்பான மூச்சில்லை" என்ற இரண்டும் போதும், அழுத்தத் தொடங்கலாம்.

"இயல்பான" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கும் வாய் திறந்து, தாடை அசைந்து, விட்டுவிட்டு ஒரு குறட்டை போன்ற இழுப்பு வரும். பார்ப்பவர்கள் "மூச்சு இருக்கிறது" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அது மூச்சல்ல, மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல். இதை வகுப்பில் நீங்களே நடித்துக் காட்ட வேண்டும்: தரையில் படுத்து, 6 அல்லது 8 விநாடிக்கு ஒருமுறை மீன் வாய் திறப்பதுபோல ஒரு இழுப்பு. பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தபடி பார்த்தது மறக்காது. விழுந்தவுடன் சில விநாடிகள் கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. அதை வலிப்பு என்று மட்டும் நினைத்துக் காத்திருந்தால் நேரம் போய்விடும். இழுப்பு நின்றதும் மூச்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து உதவி. ஆம்புலன்ஸை அழைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, பேசிக்கொண்டே அழுத்த வேண்டும். மறுமுனையில் இருப்பவர் வழிகாட்டுவார்; அவர் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. முதலில் சொல்ல வேண்டியது இடம், பிறகு என்ன நடந்தது என்பது. ஏனென்றால் இணைப்பு நடுவில் அறுந்தாலும் இடம் தெரிந்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். கூட்டத்தைப் பார்த்து "யாராவது கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள். "நீல சட்டை போட்ட அண்ணா, நீங்க கூப்பிடுங்க, அக்கா, நீங்க போய் ஏ.இ.டி. எடுத்துட்டு வாங்க" என்று ஆளைச் சுட்டிச் சொல்லவேண்டும். பெரியவர்களுக்குக் கட்டளையிடக் கூச்சப்படும் பிள்ளைகளை இதை உரக்கச் சொல்லவைத்தே பழக்குங்கள்.

இனி அழுத்தம். ஆள் கெட்டியான தரையில் மல்லாந்து கிடக்க வேண்டும். கட்டில் மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில், மார்பின் நடுவில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி. அதன்மேல் மற்றொரு கை, விரல்கள் கோத்து, விலாவில் படாமல் தூக்கி. முழங்கால்கள் நோயாளியின் மார்பை ஒட்டி, தோள்கள் நேராகக் கைகளுக்கு மேல், முழங்கை மடங்காமல். ஆழம் 5 முதல் 6 செ.மீ. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுக்க மேலெழ விட வேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் அடுத்த ரத்தம் நிரம்பும்.

மாணவர்கள் செய்யும் தவறுகள் எல்லா வகுப்பிலும் ஒரே மாதிரிதான். முழங்கை மடங்கும்: கைத்தசையால் அழுத்த முயல்வதால் 30 விநாடியில் களைத்துவிடுவார்கள். "கையால் அழுத்தாதே, இடுப்பிலிருந்து உடம்பைச் சாய்" என்று சொன்னால் சரியாகும். முழங்கால் தள்ளி இருந்தால் விசை சாய்வாகப் போகும். அருகே இழுத்து உட்காரவையுங்கள். அழுத்திவிட்டு மார்பின்மேல் சாய்ந்தே இருப்பது இன்னொன்று. கண்ணுக்கு எளிதில் படாத தவறு இது. பக்கவாட்டில் குனிந்து, உள்ளங்கைக்குக் கீழே மார்பு எழுகிறதா என்று பாருங்கள். பதின்பருவத்துக்கே உரிய தவறு வேகம்: பதற்றத்தில் 140, 150 என்று போவார்கள், அப்போது ஆழம் தானாகக் குறையும். இதைக் கண்டுபிடிக்கக் கைக்கடிகாரம் போதும். 30 அழுத்தத்துக்கு 15 முதல் 18 விநாடி ஆக வேண்டும். 15க்கும் குறைந்தால் வேகம் அதிகம், 18ஐத் தாண்டினால் மந்தம். கைப்பேசியில் மெட்ரோனோம் (தாளம் தட்டும்) செயலியை நிமிடத்துக்கு 110 தட்டில் ஓடவிட்டு வகுப்பே அந்தத் தாளத்துக்குக் கைதட்டிப் பழகுவது நல்ல தொடக்கம். தாளத்தோடு ஒத்த ஒரு பாட்டை அவர்களே தேடிக்கொண்டு வரட்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாட்டு அவர்களுக்குப் பழசாகத்தான் இருக்கும்.

விலா எலும்பு உடையும் சத்தம் கேட்கலாம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உண்மையில் அழுத்தும்போது அந்தச் சத்தம் கேட்டுப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர வேண்டியதுதான். "இதயம் நிற்காத ஒருவரை அழுத்திவிட்டால்?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அவருக்கு வலிக்கும், கையைத் தட்டிவிடுவார். பெருங்கேடு அரிது. தேவைப்பட்டவரை அழுத்தாமல் விட்டால் அவர் இறந்துவிடுவார்.

மூச்சு கொடுப்பது 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில்; இது ஒரு சுற்று. நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கை மூடி, ஒரு விநாடி மெல்ல ஊத வேண்டும். மார்பு எழுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். பலூன் ஊதுவதுபோல ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய், வாந்தி வந்து, மூச்சுக்குழாய் அடைபடும். மார்பு எழவில்லையென்றால் பெரும்பாலும் தலை போதிய அளவு சாயவில்லை. இரண்டு மூச்சுக்காக அழுத்தத்தை 10 விநாடிக்கு மேல் நிறுத்தக்கூடாது. மூச்சு கொடுக்கத் தயங்கினால், திடீரென்று சரிந்த பெரியவருக்கு அழுத்தம் மட்டுமே கொடுக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்றும் செய்யாமல் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குப் பிரச்சினையே காற்றுப் பற்றாக்குறைதான் என்பதால் மூச்சு முக்கியம். நீரில் மூழ்கியவருக்கு மூச்சில்தான் தொடங்க வேண்டும். அழுத்துபவரை 2 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது ஐந்து சுற்றுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். "எனக்குக் களைக்கவில்லை" என்பவரையும் மாற்றுங்கள். களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடுகிறது.

இப்போது பொம்மைப் பற்றாக்குறை. 40 பேர் ஒரே பொம்மையில் ஆளுக்கு 2 நிமிடம் மூன்று முறை அழுத்த வேண்டுமானால் 240 நிமிடம். உங்களிடம் இருப்பதே 180. வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பது பயிற்சியாகாது. நால்வர் கொண்ட பத்துக் குழு அமையுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாற்றுப் பொம்மை: பழைய சட்டைக்குள் இறுக்கிச் சுருட்டிய துண்டுகள், நடுவில் மூடி இறுக்கிய காலி 1.5 லிட்டர் பிளாஸ்டிக் புட்டி ஒன்று படுக்கை வாக்கில். அழுத்தினால் புட்டி அமுங்கி மீண்டும் எழும்; மார்பு மேலெழுவதை இது ஓரளவு உணர்த்தும். உட்காரும் விதம், கை வைக்கும் இடம், தாளம், ஆள் மாறுவது ஆகிய நான்கையும் இதில் பழகலாம். ஆழத்தையும் மூச்சையும் பழக முடியாது. ஆகவே உண்மையான பொம்மையை ஒரு மூலையில் வைத்து, குழு குழுவாக அங்கே அனுப்புங்கள். இந்த ஏற்பாட்டில் அதே மூன்று சுற்று 24 நிமிடத்தில் முடியும். உயிருள்ள ஆளின் மார்பில் அழுத்திப் பழக ஒருபோதும் விடாதீர்கள், விளையாட்டுக்காகக்கூட.

பொம்மையின் முகத்தை ஒவ்வொருவருக்குப் பின்னும் 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் துடைத்து, காயவிட்டு, அடுத்தவருக்குத் தர வேண்டும். ஆளுக்கொரு முகத்திரை இருந்தால் இன்னும் நல்லது. சளி, காய்ச்சல் இருப்பவர்கள் ஊதும் பகுதியை விட்டுவிடட்டும். அந்த முகத்துக்கு ஒரு கதை உண்டு. பொம்மை தயாரிப்பாளரான ஆஸ்முண்ட் லார்டால் 1960இல் முதல் பயிற்சிப் பொம்மையை உருவாக்கியபோது, பாரிஸின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பை மாதிரியாக வைத்துக்கொண்டார். வகுப்பு சோர்வடையும் நேரத்தில் சொல்லலாம்.

செயல்முறையை நான்கு படியில் காட்டுங்கள். முதலில் பேசாமல், உண்மை வேகத்தில், முழுவதையும் ஒருமுறை. பிறகு ஒவ்வொரு அசைவையும் விளக்கியபடி. மூன்றாவது முறை மாணவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். அவர்கள் ஒரு படியை விட்டால் நீங்களும் விட்டுவிடுங்கள். நான்காவதாக அவர்களே சொல்லி, அவர்களே செய்ய வேண்டும். பலரும் முதல் படியையும் மூன்றாவதையும் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் யாருக்கு என்ன புரியவில்லை என்பது தெரியவரும்.

ஏ.இ.டி. கருவியைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பயம் இருக்காது, பெரியவர்களுக்குத்தான் இருக்கும். மூடியைத் திறந்து இயக்கினால் அதுவே பேசும். ஒரு ஒட்டுத்தகடு வலது கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். தகடு ஒட்டும்போதும் மற்றவர் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கருவி "தொடாதீர்கள்" என்று சொல்லும்போது மட்டும் கையை எடுக்க வேண்டும். ஈரமான மார்பைத் துடைக்க வேண்டும். அதிர்ச்சி கொடுத்தவுடன் எழுந்துவிடுவாரா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல், உடனே மீண்டும் அழுத்தத் தொடங்க வேண்டும். பயிற்சிக் கருவி இல்லாவிட்டால் ஒரு அட்டைப்பெட்டி, இரண்டு அட்டைத் துண்டுகள், கருவியின் குரலாக ஒரு மாணவர் போதும்.

இங்கே சங்கடமான ஒரு பேச்சைத் தவிர்க்காதீர்கள். பொது இடத்தில் சரிந்து விழும் பெண்களுக்கு, ஆண்களைவிடக் குறைவாகவே அருகிலிருப்பவர்கள் சி.பி.ஆர். செய்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. தொடத் தயங்குவது ஒரு காரணம். பயிற்சிப் பொம்மைகளும் பெரும்பாலும் தட்டையான ஆண் மார்புதான். கை வைக்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றே, தகடு வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும், அதற்காக உள்ளாடையை விலக்கவோ வெட்டவோ நேரலாம், சுற்றி நிற்பவர்கள் முதுகு காட்டி மறைத்து நிற்கலாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஒரு குழுவின் மாற்றுப் பொம்மைக்கு உள்ளாடை அணிவித்தே பயிற்சி கொடுக்கலாம். முதல் 2 நிமிடம் கிசுகிசுப்பு இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

மூன்றாவது பாடவேளையில் தொண்டை அடைப்பு. பேச முடிகிறதா, இரும முடிகிறதா என்பதே அளவுகோல். இரும முடிந்தால் இருமவே சொல்லுங்கள், முதுகில் தட்ட வேண்டாம். குரலே வராமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டால், அவரை முன்பக்கம் குனியவைத்து இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். பிறகு பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே நெஞ்செலும்பின் முனைக்குக் கீழே முட்டியை வைத்து, உள்நோக்கி மேல்நோக்கி 5 முறை இழுக்க வேண்டும். அடைப்பு வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. கர்ப்பிணிக்கும், கை சுற்றி எட்டாத அளவு பருத்தவருக்கும் வயிற்றுக்குப் பதில் மார்பின் நடுவில். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக்கூடாது. முதுகில் 5 தட்டு, மார்பில் 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி சி.பி.ஆர்.; ஒவ்வொரு முறை மூச்சு கொடுக்கும் முன்பும் வாய்க்குள் பார்க்க வேண்டும். வகுப்பில் நண்பர்மேல் நிற்கும் நிலையையும் கை வைக்கும் இடத்தையும் மட்டும் காட்டட்டும். இழுக்கவோ தட்டவோ கூடாது. உண்மையில் வயிற்றை இழுத்துக் காப்பாற்றப்பட்டவரை, நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ரத்தப்போக்குக்கு ஒரே பாடம்: காயத்தின்மேல் நேராக, பலமாக, இடைவிடாமல் அழுத்துவது. நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. உறையத் தொடங்கியது பிய்ந்துவிடும். குத்திய கத்தியையோ கம்பியையோ பிடுங்கக்கூடாது, அதைச் சுற்றி அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ அழுத்தத்துக்கும் நிற்காமல் பீறிட்டால் டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் முறுக்குக் கட்டு): காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின்மேல் அல்லாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து, மருத்துவமனை வரை தளர்த்தாமல். சாதாரண பெல்ட்டைச் சுற்றி இழுப்பது பெரும்பாலும் போதாது. முறுக்க ஒரு கோல் இல்லாமல் அரைகுறையாக இறுக்கினால் சிரையை (ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாயை) மட்டும் அடைத்து ரத்தம் கூடுதலாகப் போகும்.

நினைவில்லை, ஆனால் மூச்சு இயல்பாக இருக்கிறது என்றால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பது. ஒருவர்மேல் ஒருவர் பழகக்கூடியது என்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அருகிலுள்ள கையைச் செங்கோணத்தில் விரித்து, எதிர்க்கையின் புறங்கையை இந்தப் பக்கக் கன்னத்தில் வைத்து, எதிர் முழங்காலை மடக்கி, அதைப் பிடித்துத் தன்பக்கம் உருட்ட வேண்டும். தலை சற்றுப் பின்னால் சாய, வாய் தரையை நோக்க வேண்டும். படுக்கவைத்துவிட்டுப் போய்விடக்கூடாது, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காவதில் மற்றவை, வேகமாக. தீக்காயத்துக்குக் குளிர்ந்த ஓடும் நீர் 20 நிமிடம். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்ற வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். வலிப்பில் பிடித்து அமுக்கக்கூடாது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிந்து, மூக்கின் மெல்லிய பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். சர்க்கரை நோயாளி வியர்த்து நடுங்கினால், விழுங்கும் நினைவு இருந்தால் மட்டும் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ்.

ஒன்றை மட்டும் வேகமாகக் கடக்காதீர்கள்: தன் பாதுகாப்பு. இந்த வயதுக்கு வீரம் கொஞ்சம் தூக்கல். மூழ்குபவரைக் காப்பாற்றக் குதித்து இருவராக மூழ்குவதும், மின்சாரம் பாய்ந்தவரைத் தொட்டுத் தானும் விழுவதும் நடக்கின்றன. தண்ணீரென்றால் கயிறு, கம்பு, மிதக்கும் பொருள் எதையாவது எறி அல்லது நீட்டு, இறங்காதே. மின்சாரமென்றால் முதலில் இணைப்பைத் துண்டி. உயர் அழுத்தக் கம்பியென்றால் கிட்டவே போகாதே.

பயிற்சிக்கு முன்னதாகவே, இப்படிப்பட்ட காட்சிகள் வரும் என்று மாணவர்களுக்குச் சொல்லிவையுங்கள். வீட்டில் அண்மையில் மரணம் கண்ட பிள்ளை வகுப்பில் இருக்கலாம். வெளியே போக அனுமதி கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். "அன்றைக்கு நான் செய்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா?" என்று கேட்டால், முறையாகச் செய்தும் பலர் பிழைப்பதில்லை என்ற உண்மையைத் தனியே உட்கார்ந்து சொல்லுங்கள்.

தேர்வு வைப்பதானால் எழுத்துத் தேர்வு வேண்டாம். ஆளுக்கு 3 நிமிடக் காட்சி ஒன்று கொடுங்கள்: நாற்காலியில் சரிந்திருப்பவர், இழுத்து இழுத்து மூச்சுவிடுபவர், சுற்றி நின்று படம்பிடிக்கும் கூட்டம். நாற்காலியிலிருந்து தரைக்கு இறக்கத் தோன்றுகிறதா, இழுப்பை மூச்சென்று ஏமாறுகிறாரா, படம்பிடிப்பவரையே ஆம்புலன்ஸுக்குப் பேச வைக்கிறாரா என்று பாருங்கள். மதிப்பெண் போடாமல் "வந்துவிட்டது", "இன்னும் ஒருமுறை" என்ற இரண்டே முடிவு. இந்தத் திறமை 3 முதல் 6 மாதத்தில் மங்கத் தொடங்கிவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒருநாள் முழுக்க நடத்துவதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடற்பயிற்சி வேளையில் 15 நிமிடம் ஒதுக்கி, சட்டைப் பொம்மைகளைத் தரையில் போட்டு, ஆளுக்கு 2 நிமிடம் அழுத்தவைப்பது அதிகம் நிற்கும். புட்டிகளையும் துண்டுகளையும் ஒரு பெட்டியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். தேடி எடுக்க வேண்டியிருந்தால் அந்த 15 நிமிடம் நடக்கவே நடக்காது.